கழித்துச் சொல்லுதல்

இந்த ஊருக்கே இரண்டு பெயர்:
பீல் என்பார்கள், பியென் என்பார்கள்.
தெருப்பலகையில் மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு;
எது சரியென்று தபால்காரி கேட்பதில்லை.

எங்கள் பவளத் தொட்டியில்
மூன்று வெப்பமானி, மூன்று பாஷை.
வெளிக்கண்ணாடியில் ஒட்டிய பட்டை: இருபத்தைந்து.
உள்ளே தொங்கும் கண்ணாடிக் குழல்:
இருபத்தேழு தசம் ஒன்று.
வயர் வால் முளைத்த டிஜிட்டல்
காலையில் இருபத்தாறு,
யாரும் தொடாமலே மத்தியானம் இருபத்தேழரை,
பிறகு மனம் மாறி இருபத்தைந்து தசம் எட்டு.

குலசோதி நாலாவதைத் தேடுகிறார்,
படுக்கையில், போர்வைக்குள், போன் வெளிச்சத்தில்.
"இது சுவிஸ் தயாரிப்பு" என்கிறார்.
பதினொரு வருஷமாகச் சுவிஸ் தயாரிப்பைத்தான்
உருப்பெருக்கிக்குள் வைத்துப் பார்க்கிறேன்.
திரும்பிப் படுத்தேன்.

போன மாசியில்
ஹீட்டர் அணையாமல் சிக்கி நின்ற இரவும்
பட்டை இருபத்தைந்து என்றே சொன்னது.
அதற்கு ஒரு பக்கம் கடல்,
மறுபக்கம் எங்கள் குளிர்ந்த விறாந்தை;
இரண்டுக்கும் நோகாமல் பேசிப் பழகிய வாய்.
விடியும்போது தீப்பந்தப் பவளம்
விரல்களை உள்ளிழுத்து
வெள்ளைக் கல் தெரிய நின்றது.
ஐந்து தலையில் இரண்டு திரும்பவில்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று முழுக்க இரண்டு வேறு சொக்ஸோடு திரிந்தார்.

ஞாயிறு, அவர் வேலைக்குப் போனபின்
மிக்ஸியில் ஐஸ் உடைத்தேன்.
கீழ்வீட்டு எபிஷர் அம்மா
ஹீட்டிங் குழாயைத் தட்டினார்.
ஞாயிற்றுச் சத்தம் இங்கே சின்னக் குற்றம்.
பிளாஸ்க் நிறைய ஐஸ்தூள்,
இடைவெளி மூட வடித்த தண்ணீர்,
கிளறிவிட்டுப் பத்து நிமிஷம்.

உருகும் ஐஸுக்கு அபிப்பிராயம் கிடையாது.
அது பூச்சியம்.

டிஜிட்டல்: பூச்சியம்!
கைதட்டப் போனேன்.
துடைத்துத் திரும்ப வைத்தேன்: ஒன்று தசம் மூன்று.
மூன்றாந்தரம்: பூச்சியத்துக்கும் அரை கீழே.

குழல்: தசம் எட்டு.
துடைத்து, தசம் எட்டு.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும்
தசம் எட்டு.

ஐஸில் மட்டும் அப்படியோ என்று
வெதுவெதுத் தண்ணீரிலும் வைத்தேன்.
மகளின் காய்ச்சல்மானி முப்பத்தேழு என்ற இடத்தில்
குழல் முப்பத்தேழு தசம் எட்டு என்றது,
அசையாத முகத்தோடு.

நாளுக்கு நாலு செக்கன் முந்தும் மணிக்கூட்டுக்கு
பட்டறையில் நாங்கள் பயப்படுவதில்லை;
திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.
இன்று நாலு முந்தி, நாளைக்கு ஆறு பிந்தி,
நாளையின்றைக்கு அச்சொட்டாய் நிற்கிறதே,
அதைத்தான் சிவப்புத் தட்டில் போடுவோம்.

பட்டையை நகத்தால் சுரண்டினேன்,
பசை இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.
டிஜிட்டல் லாச்சிக்குள் போயிற்று,
அங்கேயும் எதையாவது மாற்றி மாற்றிச் சொல்லட்டும்.
குழலின் தலையில் மாக்கரால் எழுதினேன்:
கழி 0.8.

பின்னேரம் போன் எடுத்தார்.
"அஞ்சு நிமிசத்தில வாறன்."
அந்த அஞ்சு நிமிஷத்தைப் பதினாலு வருஷமாகத் தெரியும்.
அரை மணி கழித்து அரிசி போட்டேன்.

வந்தவர் சப்பாத்தும் கழற்றாமல்
தொட்டிக்கு முன்னால் குந்தினார்.
மிஞ்சிய மூன்று தலையும்
நீரோட்டத்தில் விரல் விரித்திருந்தன.
"எவ்வளவு?"
"இருபத்தாறு தசம் மூண்டு."
"குழலில இருபத்தேழு தசம் ஒண்டு எல்லோ?"
"கழிச்சாச்சு" என்றேன்.

சோறு சுடச்சுட இருந்தது.