ஐந்து ரூபாய் எண்பத்தெட்டுச் சதம்

ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது.
பத்துக்கு நௌஷாட் எடுத்தான்.
"அன்ரி, பலிபான ஹோல்டிங்ஸ் விழுது.
நேற்று அறுபத்தொன்று, இப்ப ஐம்பத்து நாலு.
கிழவர் போறாராம். வித்துவிடுவமா?"

நான் நூறாம் நம்பர் பஸ்ஸில்
கொள்ளுப்பிட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.
கிழவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று
அவனுக்குச் சொல்லவில்லை.

என்னிடம் இரண்டாயிரத்து நானூறு.
அதாவது, தலவாக்கலைத் தொழிற்சாலையில்
ஒரு சல்லடையின் சில கண்கள்.
பெந்தோட்டை ஹோட்டலில் ஒரு தலையணை உறை.
ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில்
ஒற்றைக்காலில் நிற்கப் போதுமான கொங்கிறீற்.
ஐஸ்கிறீம், ரப்பர் கையுறை,
எப்போதும் நட்டத்தில் ஓடும் ஒரு காப்புறுதிக் கம்பனி,
அப்புறம் அந்த ஆஸ்பத்திரி.

சேமலாப நிதி கைக்கு வந்த கிழமை வாங்கினது.
ஒன்று சாய்ந்தால் இன்னொன்று தாங்கும் என்றார்கள்.
பெற்றோல் வரிசை வருடத்தில்
ஹோட்டலில் காகம்கூட இருக்கவில்லை,
கையுறை டொலரில் விற்றது.
சொன்னது சரிதான்.

ஆஸ்பத்திரியில் இராசநாயகம் பதினொரு நாள் கிடந்தார்.
பில் ஒன்பது இலட்சத்து எண்பதாயிரம்.
முப்பது வருடம் கணக்காய்வுக் கந்தோரில் இருந்தவள் நான்,
செத்தவீட்டு ஆட்கள் போனபிறகு
பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன்.
மொத்தப் பங்குகள் நாற்பது கோடி.
பில் முழுவதும் இலாபம் என்றே வைத்தாலும்
அதில் எனக்குரியது
ஐந்து ரூபாய் எண்பத்தெட்டுச் சதம்.
ஆடியில் பங்கிலாபம் வந்தது.
அந்த ஐந்து ரூபாய் எது என்று
வங்கிப் புத்தகத்தில் தெரியவில்லை.

கொம்பனித் தெருவில், பேரை வாவி மணக்கும் மண்டபம்.
தவிசாளர் என்ற சொல்லுக்குள் ஒரு தவிசு இருக்கிறதே,
அதைத்தான் முதலில் தேடினேன்.
சில்லுப் பூட்டின சாதாரணக் கதிரை.
முப்பத்தொரு வருடம் அதில் இருந்த ஹெக்டர் பலிபான
பக்கத்துக் கதிரைக்கு மாறியிருந்தார்.
மகன் மூன்றாம் வரிசையில்,
பார்வையாளரோடு பார்வையாளராக,
கழுத்துப் பட்டியைத் தளர்த்தியபடி.
நடுவில் ரொமேனி அபேகோன்,
கொள்கலன் முற்றத்திலிருந்து வந்தவள்.
வெயில் காய்ந்த கழுத்து.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்
தேயிலைப் பக்கற் ஏன் சிறுத்துப் போச்சு என்று கேட்டார்.
கைதட்டு விழுந்தது.
பிறகு நான் எழும்பினேன்.
"இத்தனையில் எதை விற்பீர்கள்?"

பழைய கை ஒலிவாங்கியை நோக்கி நீண்டது,
பழக்கம்.
பாதிவழியில் நின்று
தண்ணீர்க் கிளாஸை எடுத்தது.
குடிக்கவில்லை, எடுத்தது மட்டும்.

"எனக்கு இன்னும் தெரியாது," என்றாள் அவள்,
தடுக்கித் தடுக்கி, தமிழிலேயே.
"ஆறு மாசம் தாங்கோ."
முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.
பின்னால் இருந்த பெடியன் உடனே போனை எடுத்தான்.
அவன் விற்றிருப்பான்.

அந்தக் கிளாஸை ஐந்தொகையில்
எந்தப் பக்கம் பதிவது?
சொத்தா, பொறுப்பா?
எனக்கு மேலே இருந்த ஒரு பெரியவரும்
கதிரையை விட்டபிறகு
பேனையை விட்டதில்லை.

படியிறங்கும்போது நௌஷாட்டுக்கு எடுத்தேன்.
"விற்காதே. இருநூறு வாங்கு, ஐம்பத்திரண்டுக்கு."
"அன்ரி, விசரோ?"
"ஐம்பத்திரண்டுக்கு மேல் போகாதே," என்றேன்.
நம்பிக்கைக்கும் ஒரு விலை எல்லை உண்டு.

இரண்டரைக்குச் சந்தை மூடியது.
ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவேயில்லை.
என் கோரிக்கை அப்படியே கிடக்கிறது.
நாளைக்கும் போடச் சொல்லலாம்,
சொல்லாமலும் விடலாம்.

கூட்டத்தில் தந்த ஐஸ்கிறீம் கூப்பன்
கைப்பையில், பஸ் ரிக்கற்றோடு.
முப்பதாம் திகதி வரை செல்லும்.