தொண்ணூற்று நாலில் கொதிக்கும் தண்ணீர்

நுவரெலியா விடுதியில்
நான் தட்டுக் கழுவும் தொட்டிக்கு நேரே அடுப்பு.
துஷார செஃப் வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்து
தினமும் ஒரு தடவை ஏசுவார்:
தொண்ணூற்று நாலு. அதுக்கு மேலே ஏறாது.
கொழும்புத் தண்ணீர் நூறு வரைக்கும் பொறுக்குமாம்.
இங்கே அதற்கு முன்பே கோபம் வந்துவிடுகிறது.

பேகலை நான் முதலில் தின்றது
ஆறாம் மேசையிலிருந்து திரும்பி வந்த தட்டில்.
பாதிதான் இருந்தது, யாரோ ஒருத்தியின் பல் பதிந்து.
கடித்த பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டு
மிச்சத்தை வாயில் போட்டேன்.
பாண் மாதிரிக் கரையவில்லை,
ரொட்டி மாதிரிப் பிய்யவில்லை.
பதில் சொல்லுமுன் யோசிக்கிற ஆளைப் போல
தாடைக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

யாரும் சொல்லித் தரவில்லை.
கை தொட்டியில், கண் அடுப்பில்.
மா எவ்வளவு என்று
நான் கழுவிய கிண்ணம் சொன்னது.
உப்பை அவர் விரல்களில் எண்ணினேன்.

செவ்வாய் எனக்கு லீவு.
கந்தப்பொளை டவுனில் பளீல் நானா கடை.
ஆட்டா மா ஒரு கிலோ, குரக்கன் மா கால் கிலோ,
ஈஸ்ட் ஒரு பக்கெட்.
கொஞ்சம் தவிடும் கேட்டேன்.
"மாடு வாங்கிட்டியா, ஜெசிந்தா?"
"வாங்கல நானா, கட்டிக்கிட்டேன்."

சவரிக்குச் சீனி வியாதி.
கிளினிக் அட்டையில் சிவப்பு மையில் இருக்கிறது:
வெள்ளை மா குறைக்கவும்.
பால்குடி மறந்த நாளிலிருந்து
காலையும் இரவும் வெள்ளை மா ரொட்டி தின்றவனிடம்
எதைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

தவிடு விழுந்ததும் மா அடம் பிடித்தது.
எப்போதையும்விட ஒரு கோப்பைத் தண்ணீர் கூடக் குடித்தது,
குடித்தும் விரலை விடாமல் ஒட்டிக்கொண்டது.
உருட்டி, நடுவில் கட்டை விரலைக் குத்தி
சும்மாடு மாதிரிச் சுற்றி வைத்தேன்.
அவசரம் எனக்கு.
கித்துல் பாணி கரைத்த தண்ணீரில்
அன்று மாலையே மூன்றைப் போட்டேன்.
மூன்றும் கல்லாய் அடியில் இறங்கின.
வெளியே எறிந்தேன்.
நாய் மோந்து பார்த்தது,
ஒன்றை மட்டும் கௌவிக்கொண்டு போய்
மரக்கறிப் பாத்தியில் புதைத்தது.

மிச்சம் ஒன்பது.
வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.
பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன்,
கந்தப்பொளை முழுக்க உள்ளே வந்தது.

விடியற்காலை நாலு மணி.
ஈரத்துணியைத் தூக்கினால்
ஒன்பதும் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தன.
கொதியில் விட்டேன்.
முதலில் போனது முங்கியது,
மனம் மாறியது போல மேலே வந்தது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
குறைகிற ஆறு டிகிரிக்கு
அரை நிமிடம் கூட்டி வைத்தேன்.
பெரிய சட்டியில் மணல், மேலே தகரத் தட்டு,
மூடியின் தலையில் சிரட்டைக் கரி.

புகை போன திசையில் பூமாதேவியின் தலை எட்டிப் பார்த்தது,
அடுத்த காம்பராக்காரி.
"வடையா?"
"இல்ல."
"பின்ன என்னத்துக்கு ஓட்டை?"
"நடுவும் வேகணுமே."
ஒன்றைக் கொடுத்தேன்.
மென்றுகொண்டே போனாள், மேலே கேட்கவில்லை.
வாய் சும்மா இருந்தால்தானே கேட்க.

ஒரு பக்கம் கருகியிருந்தது.
சவரி கருகின பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
பிரட்டுக்கு நேரமாகிவிட்டது.
கவ்வாத்துக் கத்தியின் பிடியில் இரண்டைக் கோர்த்து
தோளில் சாய்த்துக்கொண்டு
பனிக்குள் இறங்கினான்.

சாயங்காலம் காலில் அட்டைக்கடி இரத்தத்தோடு வந்து
வாசலிலேயே உட்கார்ந்தான்.
"தாடை வலிக்குது," என்றான்.
பிறகு, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே,
"நாளைக்கும் இருக்கா?"

வியாழக்கிழமை செஃப் மறுபடியும் தண்ணீரை ஏசினார்.
வெந்தது போதவில்லையென்று
நாலாம் மேசையில் முறைப்பாடு.
அரை நிமிடம் கூட்டி வைத்தால் சரி.
என்னிடம் யாரும் கேட்கவில்லை,
கையெல்லாம் சோப்பு நுரை.
தட்டு வந்தது, பாதியோடு.
பன்றிக்குப் போகிற வாளியில் தட்டினேன்.