ஒன்று புள்ளி எட்டு

பார்க்க வந்த ஓரகத்தி
கால்மாட்டில் நின்று சொன்னாள்:
"முகம் தெளிஞ்சிருக்கு.
சதை கூடப் போட்டிருக்காரு."

நான் எதுவும் சொல்லவில்லை.
காலையில்தான் ஜெசிந்தா சிஸ்டர்
நூலைச் சுற்றிச் சுற்றி
அவர் மோதிரத்தை உருவித் தந்திருந்தாள்.
அரைஞாணைக் கத்தரித்தாயிற்று.
கணுக்காலில் விரல் வைத்து எடுத்தேன்.
விரல் வந்துவிட்டது,
குழி அங்கேயே இருந்தது.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
பாய்லர் வால்வு பிய்த்துக்கொண்ட அன்று
தர்மபுரி வந்து சேரும்வரை ஆம்புலன்ஸில்
அவர் கேட்டதெல்லாம் தண்ணீர்.
பதினோராம் நாள் சொல்கிறார்கள்:
உடம்பெல்லாம் தண்ணீர்,
இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை.

"ரத்தத்துல ஒரு சத்து இருக்குக்கா.
தண்ணியக் குழாய்க்குள்ள பிடிச்சு வெக்கிறது அதுதான்.
தோல் போன வழியா
அது ஒழுகிப்போயிடுது."
இரவு அவருக்கடியில் நனைந்த விரிப்பு
விடியும்போது
கஞ்சி போட்ட வேட்டிபோல்
மொடமொடத்துக் கிடக்குமே,
அதுவா?
அதைத்தான் இத்தனை நாளும்
வாளியில் அலசிக் கொட்டியிருக்கிறேன்.

சீட்டில் ஒன்று புள்ளி எட்டு.
மூன்றரைக்குக் குறையக் கூடாதாம்.
தொடையில் எடுத்து மார்பில் ஒட்டிய தோல்
ஓரத்தில் பிடிக்காமல் சுருண்டது.
படுத்தால் மூச்சு களகளத்தது.
சொட்டுச் சொட்டாய் இறங்கிய பாட்டில்
தேன் நிறத்தில் இருந்தது.
அதைத் தொட்டுப் பார்க்கக்கூட பயம்.

நாளைக்குப் பத்து முட்டை.
வெள்ளை அவருக்கு.
மஞ்சளை நானும்
பக்கத்துக் கட்டில் பையனின் அப்பாவும்
பேச்சில்லாமல் தின்றோம்.
ஐந்தாவதில் வாயை இறுக்கிக்கொள்வார்
தீர்த்தகிரி.
"பாய்லருக்குள்ள விறகு தள்ளத் தெரிஞ்சதில்ல,
இதையும் தள்ளு உள்ள."
சிரிக்கப் பார்ப்பார்,
உதடு வெடித்து ரத்தம் வரும்.

இரண்டு.
அப்புறம் மறுபடி ஒன்று ஒன்பது.
பத்தாவது மார்க்குக்குக்கூட
நான் இப்படி வாசலில் நின்றதில்லை.

இருபத்தாறாம் நாள் இரண்டு புள்ளி ஆறு.
கன்னம் ஒட்டிப்போயிருந்தது.
காறையெலும்புக் குழியில்
ஒரு கரண்டி எண்ணெய் நிற்கும்.
மறுபடி வந்த ஓரகத்தி
வார்டு வாசலிலேயே வாயைப் பொத்தினாள்:
"இப்படி உருக்குலைஞ்சு போயிட்டாரே!"

அவர் கணுக்காலில்
விரலை அழுத்தி எடுத்தேன்.
குழி கூடவே எழுந்து வந்தது.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு
ஆறாவது முட்டையை
உரிக்கத் தொடங்கினேன்.