மோதிர விரல்

பாரை மீனின் செட்டை முள்.
ஞாயிறு காலை, வெள்ளவத்தைச் சந்தையில்,
மோதிர விரலில் ஏறியது.
ஒரு பொட்டு இரத்தம். உறிஞ்சித் துப்பிவிட்டு
மாங்காயும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு விரல் என்னை எழுப்பியது.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் விழித்திருந்தது.
தோலுக்குள்ளே இவர்கள்.

எனக்கு இவர்களைத் தெரியும்.
பொரளையில் மூன்றாம் மாடியில்
எட்டு வருசமாய்
கறுத்த பட்டிகளாய் இவர்களைத்தான் அளக்கிறேன்.
கைனேஸ்கள். தெரிந்த வேலை ஒன்றே:
ஒரு பொஸ்பேட்டை எடுத்து
அடுத்தவன் தோளில் வைப்பது.
வைத்ததும் அவன் விழிப்பான், இன்னொருவனைத் தொடுவான்,
அவன் இன்னொருவனை,
கலத்தின் கரு வரைக்கும் போகும் சேதி:
வந்திருக்கிறான், வந்திருக்கிறான்.

பொரளையில் கிளம்பிய ஒரு சேதி
வாய்க்கு வாய் மாறி
வெள்ளவத்தைக்கு வர
ஓர் இரவு போதுமாயிருந்ததாம், ஒரு ஜூலையில்.
அம்மா அதற்கு மேல் சொல்வதில்லை.
நான் தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

ஒப்பிடாதே என்று என்னை அதட்டினேன்.
இங்கே முள் உண்மை.
இவர்கள் அடையாள அட்டை கேட்பதுமில்லை,
கிருமியின் மேற்சட்டையைத் தடவிப் பார்ப்பார்கள்,
அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தச் சூடு முள்ளினுடையதல்ல.
என்னுடையது.

போன மாசம் மருந்து கொடுத்து
ஓர் எலிக்குள் இவர்களை வாயடைத்தோம்.
பாதம் வீங்கவேயில்லை.
நிலூக்கா கைதட்டினாள்.
மூன்றாம் நாள் கூண்டைக் கழுவினோம்.

விடிய, சவர்க்காரம், தேங்காயெண்ணெய், நூல்.
மோதிரம் அசையவில்லை.
செட்டியார் தெருவில் பஞ்சலிங்கம்
சின்ன அரத்தை எடுத்தார்.
"கழற்றி எவ்வளவு காலம்?"
"கழற்றவேயில்லை."
"அவர்?"
"அவர் போய் ஆறு வருசம்."
அரம் மட்டும் பேசியது.

வைத்த பொஸ்பேட்டை ஒவ்வொன்றாய்க் கழற்றி
அணைக்கிறவர்களும் உள்ளே இருக்கிறார்கள்.
அவர்களை அளக்க யாரும் காசு தருவதில்லை.
அணைக்கிறது என்றால் எங்கள் பாஷையில் இரண்டு.

"ஒட்டித் தரட்டா, தங்கச்சி?"
"வீக்கம் வற்றட்டும், அண்ணை."

பஸ்ஸில் கையை மடியில் வைத்துப் பார்த்தேன்.
விரல் முழுக்கச் சிவப்பு,
மோதிரம் இருந்த இடம் மட்டும்
நனைந்த கடதாசிபோல் வெள்ளை.
அதன் கீழேயும் ஏதோ துடித்தது.
பணப்பைக்குள் மோதிரம்,
வாய் திறந்தபடி.