ரசீது எண் நானூற்றுப் பதினேழு

அந்தப் பாட்டில் வரும் நோலீன் நான்தான்.
இல்லை, அவனை நான் முத்தமிட்டதில்லை.

வயல்லாவில்,
காயப்போட்ட வெள்ளைத் துணி
மாலைக்குள் இரும்புத்தூளில் சிவக்கும் தெருவில்
என் மாமனாரின் அடகுக்கடை. கல்லாவில் நான்.
எழுபத்தொன்று, பிப்ரவரி.
கதவுக் கைப்பிடி சுடுகிற வெயில்.
கிளைவ் டன்ஸ்டர் வந்தான்,
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல
ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

"எவ்வளவு தருவாய்?"
"பதினோரு டாலர்."
"இது என் உயிர், நோலீன்."
"உயிருக்கு ஒன்பதுதான்.
பெட்டி நன்றாயிருப்பதால் பதினொன்று."

அவன் சிரிக்கவில்லை.
வேனுக்குப் பெட்ரோல் போட்டு
நால்வரும் அடிலெய்டு போனார்கள்.
இரவல் பெட்டியில் வாசித்து
இரவல் பணத்தில் திரும்பினார்கள்.

தொண்ணூறு நாள் கெடு.
தொண்ணூற்றிரண்டாம் நாள் வந்து நின்றான்,
கசங்கிய ரசீதும்
அசலும் வட்டியுமாகப் பதினான்கு டாலரும்.

மூழ்கிவிட்டது என்றேன்.
எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.
முந்தின நாள்தான்
லூத்தரன் பாதிரியார் வாங்கிப் போயிருந்தார்.

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
ரசீதின் பின்பக்கத்தில் எழுதினான்.
பூட்டும்வரை போகவில்லை.
நான் ஷட்டரை இறக்கிய சத்தம்,
தகரம், சங்கிலி, மறுபடி தகரம்,
அதுதான் பாட்டின் தொடக்கத்தில் விழும் ட்ரம்.
இதை அவன் மறுத்திருக்கிறான்.
தினமும் இழுத்தவள் நான்.

அக்டோபரில் எல்லா வானொலியிலும்
திருப்பிக் கொடு நோலீன்,
மூழ்கிவிட்டது, திருப்பிக் கொடு.
இதயத்தைக் கேட்கிறான் என்றார் அறிவிப்பாளர்.
சிட்னிப் பெண்கள் கடிதம் போட்டார்கள்,
கல்நெஞ்சக்காரி என்று.
இரண்டாம் சரணத்து நானூற்றுப் பதினேழு
ஹோட்டல் அறையாம்.
என் வீட்டுக்காரர் பாரி ஒரு வாரம் பேசவில்லை.
பேரேட்டைத் திறந்து காட்டினேன்:
417. ஆம்ப்ளிஃபயர். குமிழ் ஒன்று உடைசல்.
அதற்குப் பிறகும் இரண்டு நாள் பேசவில்லை.

ஞாயிறுதோறும் அந்தப் பெட்டி வழியேதான்
பாதிரியார் கடன் மன்னிப்பைப் பற்றிப் பேசுவார்.
உடைந்த குமிழ் கரகரக்கும்.

பெரிய ஆளான பின் ஒரு குளிர்காலம்
கிளைவ் வந்தான், கறுப்புக் கண்ணாடியோடு.
கடைசி வரிசை.
பிரசங்கம் முழுக்கப் பெட்டியையே பார்த்திருந்தான்.
தட்டு வந்ததும் எதையோ மடித்துப் போட்டு
யாரிடமும் பேசாமல் போனான்.

காணிக்கை எண்ணுவது என் முறை அன்று.
பதினான்கு டாலர்.

இரண்டு நாள் வட்டி குறைந்தது.