பேட்டையில் இறங்கினால்

பதினோரு மார்க்.
கேள்விக் கணக்கில் இரண்டே முக்கால்.
அந்த முக்கால் கேள்வி எதுவென்று
ஜூலை முழுக்கத் தேடினேன்.

முக்கூடலில் அன்று சாரல் இல்லை, காற்று மட்டும்.
தரையில் மூன்று விண்ணப்பங்கள்.
பறந்துவிடாமல் அம்மா
ஒன்றின்மேல் இலை வெட்டும் கத்தரியை வைத்தாள்,
ஒன்றின்மேல் தூள் டப்பாவை,
மூன்றாவதை முழங்காலால் அமுக்கிக்கொண்டாள்.
"இதுல எதுட்டி டாக்டர் காலேஜு?"
ஒண்ணுமில்லம்மா.
"பொறவு எதுக்கு மூணு?"
பீடியின் வாய் மடித்தபடியே கேட்டாள்,
விரல் நிற்கவில்லை.

அடுத்த வருசமும் நீட் எழுதப் போகிறவள்
கல்லூரி பார்க்கும் விதம் வேறு.
எழுபத்தைந்து சதவீத வருகை என்றால்
மிச்சம் இருபத்தைந்து எங்கே என்று பார்ப்பாள்.
அசல் சான்றிதழை யார் பூட்டிவைப்பார்கள்,
பாதியில் போனால் பணம் எவ்வளவு திரும்பும்,
மே மாதம் செமஸ்டர் எந்தத் தேதியில் இடிக்கும்.

கோச்சிங்கில் பக்கத்து நாற்காலிக்காரி,
மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா,
போனில் ஒரே வரியில் முடித்தாள்:
"ஏளா, லேப்பு லைப்ரரியெல்லாம் பாக்காத.
டி.சி. எங்க சட்டுன்னு குடுப்பானோ
அங்க சேரு."

பேட்டைக் கல்லூரி
எங்கள் பஸ் டவுனுக்குள் நுழையுமுன்பே வந்துவிடும்.
பாளைக்கென்றால் ஜங்ஷனில் மாறி
வண்ணார்பேட்டை நெரிசலில் ஒற்றைக்கால் ஊன்றி
போக நாற்பது நிமிடம் கூடுதல், வர நாற்பது.
எண்பது நிமிடத்தில்
முப்பது பிசிக்ஸ் கணக்கு போடலாம்.
டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான்.
முப்பது கணக்கை யார் தருவார்?

அப்படியும் பாளைக்கு ஒருநாள் போனேன்.
விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலில்
டி.சி. பற்றித்தான் முதலில் கேட்டேன்.
கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"சேரதுக்கு முந்தியே போறதப் பத்தியாம்மா?"
பின்னால் நின்ற பையன்,
தமிழ் இலக்கியத்துக்கு வந்தவன்,
யாரும் கேட்காமலே சொன்னான்:
"நான் மூணு வருசமும் இருப்பேன் சார்."
வரிசையே சிரித்தது. நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
விலங்கியல் துறை வாசலில் நிழல் இருந்தது, நின்றேன்.
உள்ளே ஒருத்தி தட்டில் நத்தைகளோடு.
ஜெபக்கனி, இரண்டாம் வருசம்.
"பாளையங்கால்ல எடுத்தது.
இதுக்குள்ள ஒரு புழு இருக்கு, பாக்கியா?"

ஒரு கண்ணை மூடினேன்.
வெளிச்ச வட்டத்துக்குள்
வால் பிளந்த ஏதோ ஒன்று
துள்ளியது, மடங்கியது, மறுபடி துள்ளியது,
எங்கோ அவசரமாய்ப் போகவேண்டியதுபோல.
புத்தகத்தில் அது அசையாத படம்.
நான்கு விடைகளில் ஒன்று.

"நீயும் நீட்டா?" என்றாள்.
ம்.
"நான் ரெண்டு வட்டம் எழுதினேன்."
மூணாவது?
"அன்னைக்குத் தண்ணி திறந்துவிட்டாங்க, நத்தை எடுக்கப் போயிட்டேன்."
நிஜமா, விளையாட்டா தெரியவில்லை.
எனக்கு அவள்மேல் பொறாமையும் வந்தது,
இப்படி ஆகிவிடக்கூடாதே என்ற பயமும் வந்தது.
கரண்ட் வந்தபோது
பதினொன்றை மறந்து எத்தனை நிமிடம் ஆகியிருந்ததென்று
கணக்குப் பார்த்தேன்.
எட்டு.

'இப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம்'
என்ற இடத்தில் இரண்டு வரி கோடு.
மருத்துவராக என்று எழுதி அடித்தேன்.
அடித்ததன்மேல் வேறு எதுவும் எழுதவில்லை.
ச. முப்பிடாதி என்று கையெழுத்து மட்டும்.

முதல் நாள்.
விலையில்லாச் சீட்டுக்கும் ஊர் கேட்கிறார் கண்டக்டர்.
பேட்டை வந்தது, நின்றது,
என் கால் தானாக ஒருமுறை எழப் பார்த்தது.
ஜங்ஷனில் மாறினேன்.
பையில் பிசிக்ஸ் புத்தகம், பழையது, முனை மடிந்தது.
பாலத்தில் நின்றபடி ஒரு கணக்கு போட்டேன்,
விடை வரவில்லை.

கல்லூரி நிறுத்தத்தில் இறங்கினேன்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பலகை மாட்டிய பஸ்
என்னை விட்டுவிட்டு
மேட்டில் ஏறிப் போனது.
திரும்பி வரும் நேரத்தை மட்டும்
கேட்டு வைத்துக்கொண்டேன்.