வியாழன் ஆண்களுக்கு

பாலிக்சி ஊரின் நீராவிக் குளியலகத்தில்
சீட்டுக் கிழிப்பவள் நான்.
செவ்வாய் பெண்களுக்கு, வியாழன் ஆண்களுக்கு.
என் மேசைக்கும் ஆவி அறைக்கும் நடுவே
ஒரு பலகைச் சுவர்.
கேட்பது, சம்பளத்தில் சேராத வேலை.

வியாழனன்று
பிர்ச் இலைக்கட்டு முதுகில் விழும் சத்தத்துக்கு இடையே
"துணைமின் நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள்" என்பான் ஒருவன்.
"என் மச்சினன் சும்மாதான் இருக்கிறான்" என்பான் இன்னொருவன்.
உடம்பு காயுமுன் இடம் நிரம்பிவிடும்.
அறிவிப்புத் தாள் ஒட்டுவது அதற்கப்புறம்,
சட்டத்துக்காக.

புருல்கான் பிஷ்கெக்கில் மின்பொறியியல் படித்தவள்.
சான்றிதழை
மகனின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறாள்.
அவள் வரும் செவ்வாயில் பேச்சு வேறு:
யாருக்குப் பால் சுரக்கவில்லை,
எந்த மாமியார் எந்தச் சாவியை எடுத்துக்கொண்டாள்,
பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமாம்.
அதுவும் வேலைச் செய்திதான்.
பாதிச் சம்பளம்.

அவள் கணவன் எசென்பெக்கைக் கேட்டேன்.
"நான் தடுக்கவில்லையே. தெரு என்ன சொல்லும்?"
தெரு என்றால் ஒன்பது வீடு.
சில்லறை எண்ணும் சாக்கில்
ஒவ்வொருவனையும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன்.
"எனக்கென்ன, போகட்டுமே. மற்றவர்கள்தான்..."
ஒன்பது வாயிலும் அதே பதில்.
அந்த மற்றவர்களை இன்னும் தேடுகிறேன்.
இதுவரை ஒருவரும் என்னிடம் சீட்டு வாங்கவில்லை.

இப்படிச் சொல்லிச் சிரிக்க எனக்கு வாய் இருக்கிறது.
போன மாதம்
ரயில் பணிமனையில் மின்பழுது பார்க்க ஆள் என்று
சுவர் சொன்னது.
எழுந்தேன். போனை எடுத்தேன்.
தங்கை மகன் எர்கின்பையை அழைத்தேன்.
அவனுக்கு ஒயரின் தலைவால் தெரியாது;
கற்றுக்கொள்வான் என்றார்கள்.
சத்தியமாக,
அவள் பெயரை நான் ஒதுக்கவில்லை.
அது வரவே இல்லை.
மின்சாரம் என்றதும் என் தலைக்குள் வந்து நின்றவனுக்கு
மீசை இருந்தது.

இன்று செவ்வாய்.
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள்.
பனிக்காலம் முழுக்கக் கண்சிமிட்டிய என் மேசை விளக்கை
ஸ்டூல் மேல் ஏறிச் சரிசெய்தவள் அவள்தான்,
காசு வாங்காமல்.
அந்த வெளிச்சத்தில்
அவள் சீட்டைக் கிழிக்கிறேன்.

"ஏதாவது காதில் விழுந்ததா?" என்கிறாள்.

தண்ணீர் இன்று நல்ல சூடு
என்கிறேன்.